மலையகச் சுகாதாரப் பணியாளர்களுக்கான புற்றுநோய்க் கற்றல் அமர்வை மாதந்தோறும் நடத்துவது எப்படி?

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தோட்டப் பகுதியில் ஒருவருக்குப் புற்றுநோயின் முதல் அடையாளம் தோன்றும்போது அதைக் காணும் வாய்ப்பு விசேட வைத்தியருக்குக் கிடைப்பதில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் வைத்திய உதவியாளரும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கும் குடும்ப நல உத்தியோகத்தரும், ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அன்று கடமையிலிருக்கும் தாதிய உத்தியோகத்தருமே அதைக் காண்கிறார்கள். சிகிச்சையோ கண்டி தேசிய வைத்தியசாலையிலும், பதுளையிலும், மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் நடைபெறுகிறது. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் நம் மக்கள் மாதக்கணக்கை இழக்கிறார்கள். அந்தத் தூரத்தைக் குறைப்பதற்கு நம் கையில் இருக்கும் வழிகளுள் ஒன்று, பிரதேச மட்டத்தில் மாதம் ஒரு முறை கூடிப் படிப்பது. அத்தகைய அமர்வொன்றை எப்படி ஆரம்பிப்பது, எதைக் கற்பிப்பது, எதைத் தவிர்ப்பது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, ஆங்கிலத்தில் தயாரித்த படவில்லைகளைக் காட்டி, சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகும் கருத்தரங்கு இந்த அமர்வுக்கு ஈடாகாது. அத்தகைய கருத்தரங்குகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே கேட்டது மறுநாள் காலை டிஸ்பென்சரி வாசலில் நிற்பவரின் வாய்க்குள் பார்க்கும் கையை மாற்றியதா என்பதுதான் கேள்வி. அந்தக் கையை மாற்றுவது, தம் பகுதியில் தாம் கண்ட நோயாளியை முன்வைத்துப் படிப்பதுதான்.

அமர்வை ஆரம்பிப்பதற்கு முன்

சுகாதார வைத்திய அதிகாரியிடம் பேசி, அவர் மூலமாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தோட்ட வைத்திய உதவியாளர்கள் தோட்ட நிர்வாகத்தின் கீழ் வேலை செய்வதால், அவர்களை அரை நாள் விடுவிக்குமாறு தோட்ட முகாமையாளருக்குத் தனிக் கடிதம் போக வேண்டும். இந்தக் கடிதத்தை அனுப்பாமல் விட்டால் முதல் மாதம் வந்தவர் இரண்டாம் மாதம் வரமாட்டார். அவர்மேல் குறை சொல்லவும் முடியாது.

நாளைத் தெரிவு செய்யும்போது தடுப்பூசிக் கிளினிக் நாட்களையும், சம்பள நாளை அண்டிய நாட்களையும், கோயில் திருவிழாக் காலத்தையும் விலக்குங்கள். தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலை மாதங்களில் மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்துப் பாதைகளில் மண் சரியலாம் என்பதால், அந்த மாதங்களுக்கு மாற்று நாளொன்றையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. பத்துப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள். தமிழ், சிங்களம் ஆகிய இரண்டும் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நம் பகுதியின் தாதியர் பலர் சிங்களம் பேசுவோர், நோயாளிகள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். இந்த இடைவெளியும் பாடத்தின் ஒரு பகுதியே.

ஓர் அமர்வுக்கு ஒரு பொருள் போதும். ஒன்றரை மணி நேரத்தில் வாய், மார்பு, கருப்பைக் கழுத்து என்று மூன்றையும் தொட்டால் மூன்றும் நிற்காது.

முதல் பாடம் வாய்ப் புற்றுநோயாக இருக்கட்டும்

இலங்கையில் ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். தோட்டங்களில் குளிருக்கும் மழைக்கும் பசிக்கும் துணையாக வெற்றிலை போடும் வழக்கம் ஆண், பெண் இருபாலாரிடமும் இருப்பதால், இந்தப் பாடத்தை முதலில் வைப்பதே முறை. புகையிலையை விட்டால் போதும், பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் பணியாளர்களிடமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே, பாக்கு தன்னளவில் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்திவிட்டது. இதைச் சொல்லாமல் பாடத்தை ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்து, இந்த வேலை நம்மால் ஆகுமா என்ற தயக்கத்தைப் போக்க வேண்டும். 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இலங்கையைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய பயிற்சி அளித்து, அவர்கள் தம் வழக்கமான வேலையோடு மக்களின் வாயைப் பரிசோதித்தபோது, புற்றுநோயையும் அதற்கு முந்திய நிலைகளையும் அவர்களால் இனங்காண முடிந்தது என்பதை அது காட்டியது. பின்னர் கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005 இல் லான்செற் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைப் பார்த்த ஊர்களில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இவ்விரண்டிலும் பார்த்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

இனிச் செய்முறை. பங்குபற்றுவோர் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் வாயை மற்றவர் பார்க்க வேண்டும். இதில் கூச்சம் இருக்கும்; ஆனால் படத்தில் பார்த்துப் படித்தவர் உண்மையான வாய்க்குள் எதை எங்கே தேடுவது என்று தடுமாறுவார். கையுறை, டோர்ச், இரண்டு வாய்க் கண்ணாடி அல்லது இரண்டு மரச் சப்பை, சில துண்டு கோஸ் துணி ஆகியவை போதும். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாகப் பரிசோதிக்கப்படுபவரை உட்கார வைத்து, வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, கட்டுப்பல் இருந்தால் கழற்றச் செய்யுங்கள். வெற்றிலைக் கறை படிந்த வாயில் கொப்பளிக்காமல் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. முதலில் உதடுகளை வெளியேயும், பின் மடித்து உள்ளேயும் பாருங்கள். கடைவாய் ஓரங்களைப் பார்த்து, கன்னத்தை ஒதுக்கி உட்புறம் முழுவதையும் இரு பக்கமும் பாருங்கள். "வெத்திலையை எந்தப் பக்கம் அடக்குவீங்கம்மா?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைக் கூடுதலான நேரம் பார்ப்பது நல்ல பழக்கம். பிறகு ஈறு, மேலண்ணம், உள்நாக்கை ஒட்டிய பகுதி. நாக்கு நுனியைக் கோஸ் துணியால் பிடித்து மெதுவாக இடப்பக்கம் இழுத்து வலது ஓரத்தையும், வலப்பக்கம் இழுத்து இடது ஓரத்தையும் அடி வரைக்கும் பார்க்க வேண்டும். அவசரத்தில் தவறவிடப்படும் இடம் இந்த ஓரங்களின் பின்பகுதிதான். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அதன் அடியையும் வாய்த் தளத்தையும் பார்த்த பின், சந்தேகமான இடத்தை விரலால் தொட்டு, அடிப்பகுதி கடினமாக இருக்கிறதா என்று உணருங்கள். கடைசியாகத் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கங்களிலும் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். பழகிய கைக்கு இத்தனையும் ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

எதைக் கண்டால் அனுப்ப வேண்டும் என்பதில் தயக்கம் இருக்கக் கூடாது. துடைத்தாலும் போகாத வெண்படலம், வெல்வெட் போன்ற செந்நிறப் படலம், இரண்டு வாரங்களில் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கடினமான தடிப்பு, கழுத்துக் கட்டி ஆகிய எதுவும் மேல் பரிசோதனைக்குரியது. வெண்படலத்தைவிடச் செம்படலம் கூடுதலான ஆபத்துடையது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், ஏனெனில் கண்ணுக்கு அது சாதாரணச் சிவப்பாகத் தோன்றி ஏமாற்றும். கூரான பல் குத்தி வந்த புண்ணாகத் தெரிந்தால் பல்லைச் சரிசெய்யச் சொல்லி, இரண்டு வாரங்களில் மீண்டும் பாருங்கள். அதற்குள் ஆறவில்லையென்றால் மேலும் காத்திருக்க வேண்டாம்.

வாய் திறப்பது குறைந்துவரும் நிலையும் உண்டு. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகும் இந்த நோய் முதலில் எரிச்சலாகவே வரும். நோயாளி அதை நோய் என்று சொல்லமாட்டார். "கொஞ்ச நாளா காரம் ஒத்துக்கல" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வார். ஆகவே, "காரம் சாப்பிட முடியுதா? வாயை முழுசாத் திறக்க முடியுதா?" என்ற இரண்டு கேள்விகளையும் வேறு எந்த முறைப்பாட்டோடு வருபவரிடமும் கேட்கப் பழக்குங்கள்.

இங்கே கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாய்ப்புண் என்று வருபவருக்கு விட்டமின் பி குளிசையையும், அது கேட்காவிட்டால் அன்டிபயோட்டிக்கையும், அதுவும் கேட்காவிட்டால் வேறொரு அன்டிபயோட்டிக்கையும் கொடுத்து அனுப்புவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். ஆரம்ப நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் அவரும் வற்புறுத்துவதில்லை, நாமும் உற்றுப் பார்ப்பதில்லை. முதல் தடவை மருந்து கொடுக்கும்போதே, திரும்பிப் பார்க்க வேண்டிய திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுப்பது இந்த வழக்கத்தை உடைக்கும்.

அனுப்புவதும் போய்ச் சேர்வதும்

அந்த 1984 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் கணிசமான தொகையினர் போய்ச் சேரவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் அமர்வுகளில் அதிகமாகப் பேச வேண்டிய விடயம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. கண்டுபிடிக்கும் திறமையை மட்டும் கற்பித்துவிட்டு, சேர்ப்பிக்கும் வழியைக் கற்பிக்காமல் விட்டால் பாடம் பாதியில் நிற்கிறது.

ஆகவே ஒவ்வோர் அமர்வின் முதல் இருபது நிமிடத்தையும் பதிவேட்டுக்கு ஒதுக்குங்கள். சாதாரண சீ.ஆர் கொப்பி ஒன்று போதும். நோயாளிக்கு ஓர் இலக்கம், கண்ட திகதி, கண்டது என்ன, எங்கே அனுப்பினோம், போய்ச் சேர்ந்த திகதி, அங்கிருந்து வந்த பதில் ஆகிய நிரல்கள் இருக்கட்டும். கடைசி இரண்டு நிரல்களும் வெறுமையாக இருந்தால் அந்த நோயாளி இன்னும் நம் பொறுப்பில்தான் இருக்கிறார். ஏன் போகவில்லை என்பதை அமர்வில் பேசுங்கள். ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கூட வருபவருக்கும் பேர் போய்விடும். பஸ் காசு இல்லை. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் எந்த வாசலால் போவது, யாரிடம் துண்டைக் காட்டுவது என்று தெரியாது. சிங்களத்தில் கேட்டால் பதில் சொல்ல வராது. இவற்றில் ஒன்றும் நோயாளியின் அலட்சியம் அல்ல.

இவற்றுக்கு நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன. பரிந்துரைக் கடிதத்தின் கீழ்ப் பகுதியில் கிழித்துத் தரக்கூடிய பதில் துண்டொன்றைச் சேர்த்து, அதில் நம் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். கடிதத்தில் "வாய்ப்புண், தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதாமல், "இடது கன்னத்தின் உட்புறம், துடைத்தால் போகாத செம்படலம், அடி கடினம், மூன்று வாரமாக இருக்கிறது, வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு" என்று எழுதினால் அங்குள்ள வைத்தியர் அவசரத்தை உணர்வார். அமர்வில் எல்லோரும் ஒரே நோயாளிக்குக் கடிதம் எழுதி, வாசித்துக் காட்டித் திருத்துவது மிகப் பயனுள்ள பயிற்சி. போகும் இடம், கிளினிக் நாள், பஸ், கேட்க வேண்டிய பிரிவு ஆகியவற்றைத் தமிழில் தனித் தாளில் எழுதி நோயாளியிடம் கொடுங்கள். தோட்ட நலன்புரி உத்தியோகத்தருடன் முன்னரே பேசி வைத்தால் விடுப்புக்கும் சில வேளை வாகனத்துக்கும் வழி பிறக்கும்.

போக மறுப்பவரிடம் என்ன சொல்வது என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். "கத்தி பட்டா பரவிரும்னு சொல்றாங்களே" என்பது நாம் எல்லோரும் கேட்கும் வார்த்தை. இதற்கு அதட்டல் பதில் ஆகாது. "சின்னத் துண்டு எடுத்துப் பாத்தா அதனால பரவாதுங்கம்மா. எடுத்துப் பாத்தாத்தான் என்ன மருந்து குடுக்கணும்னே டாக்டருக்குத் தெரியும். பாக்காம விட்டாத்தான் அது தன்பாட்டுக்கு வளரும்" என்று பொறுமையாகச் சொல்ல ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பழகட்டும். முள் சீத்தா இலைக் கஷாயம் குடிக்கிறேன் என்பவரிடம் கஷாயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்காமல், அதற்காகக் கிளினிக்கை விட வேண்டாம் என்றும், குடிப்பதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வதே உதவும்.

மற்ற மாதங்களுக்குரிய பொருள்கள்

பெண்களுக்குரிய பாடத்தை, பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்கைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். 35 வயதை அடைந்த பெண்களைக் கருப்பைக் கழுத்துக்கான பப் பரிசோதனைக்கு அழைப்பதும், அங்கேயே மார்பகங்களைப் பரிசோதிப்பதும், புதிய கட்டி, தோல் குழிவு, காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுக்கு உடனே அனுப்புவதும் இதன் உள்ளடக்கம். காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒலிபெருக்கியில் அழைப்பதைவிட, பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையை விட வரும் தாய்மாரிடம் தனித்தனியே பேசுவது அவர்களின் கூச்சத்துக்கு மரியாதை கொடுப்பதாகும்.

இதைவிட நீண்ட நேரம் எடுக்க வேண்டியது, கீமோதெரபி ஏற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியவரைப் பற்றிய பாடம். மருந்து ஏற்றிய பின் பொதுவாக ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையான காலத்தில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்று. உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பரசிட்டமோல் கொடுத்து "நாளைக்கு வாங்க" என்று அனுப்பவே கூடாது. பரசிட்டமோல் வெப்பத்தை இறக்கி ஆபத்தை மறைத்துவிடும். நோயாளியை அந்த நேரமே வைத்தியசாலைக்கு அனுப்பி, கீமோதெரபி பெறுபவர் என்பதைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லுங்கள். வைத்தியசாலையை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் நாளத்தின் வழியாக அன்டிபயோட்டிக் ஆரம்பிக்கப்பட வேண்டும் என்பதே எங்கும் பின்பற்றப்படும் இலக்கு. 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். இடையில் தசை ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும். வைத்தியசாலை கொடுத்த கீமோ அட்டையை வீட்டில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வதும், அந்த வீட்டில் வெப்பமானி இருக்கிறதா என்று பார்ப்பதும் அமர்வில் வற்புறுத்த வேண்டிய சிறு வேலைகள்.

வலி தணிப்பதைப் பற்றியும் ஒரு மாதம் பேசுங்கள். வாயால் எடுக்கும் மோர்ஃபின் கடைசி நாளுக்குரிய மருந்து என்ற பயம் குடும்பத்தாரிடமும் நம்மிடமும் இருக்கிறது. உடனே வேலை செய்யும் வகையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒழுங்காகக் கொடுப்பதே முறை. வலி வந்த பிறகு மட்டும் கொடுப்பதல்ல. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் மலமிளக்கி கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். எழுப்ப முடியாத தூக்கமோ, மூச்சு மிக மெதுவாவதோ தெரிந்தால் அடுத்த அளவைக் கொடுக்காமல் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

புதிய செய்திகளை எப்படிக் கொண்டுவருவது

ஒவ்வோர் அமர்விலும் கால் மணி நேரம் புதிய செய்திக்கு ஒதுக்கி, ஒருவரை முறை வைத்துப் பொறுப்பாக்குங்கள். சுகாதார அமைச்சின் சுற்றுநிருபங்கள், தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் வழிகாட்டல்கள், உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகள் ஆகியவற்றிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, நம் வேலையில் அது எதை மாற்றுகிறது என்பதைத் தமிழில் அவர் சொல்ல வேண்டும். எதையும் மாற்றாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் தருகிறேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி தடுப்பூசி 2017 முதல் நம் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவியருக்கு இரு தடவைகளாகக் கொடுக்கும் ஏற்பாட்டுடன் அறிமுகமானது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல், குறிப்பிட்ட வயதினருக்கு ஒரு தடவை கொடுப்பதையும் ஏற்கத்தக்க மாற்று முறையாக அறிவித்தது. இதை வாசித்துவிட்டு, இரண்டாவது ஊசி தேவையில்லை என்று தாய்மாரிடம் சொல்லிவிடுவது பெருந்தவறு. நம் பாடசாலையில் எத்தனை தடவை என்பதைத் தீர்மானிப்பது அமைச்சின் சுற்றுநிருபம் மட்டுமே. செய்தியை அறிந்திருப்பது வேறு, நடைமுறையை மாற்றுவது வேறு என்பதை இப்படியான உதாரணங்களால் விளக்கலாம். வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதே அளவுகோல்: யார் வெளியிட்டது, எப்போது, எந்த நோயாளிக்கு என்று தெரியாத எதையும் குழுவில் பகிர வேண்டாம்.

நோயாளியின் விபரம் பற்றி ஒரு கண்டிப்பு. தோட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். பெயரை மறைத்துவிட்டு "மேல் டிவிஷன், மூணாம் லயம், கொழுந்து எடுக்கிற அம்மா" என்று சொன்னால் பெயரைச் சொன்னதற்குச் சமம். அமர்வில் வயதும் பழக்கமும் நோய்க்குறியும் போதும். வாயின் படத்தைப் பாடத்துக்கு எடுக்க வேண்டுமானால் எதற்கு என்று விளக்கி, எழுத்தில் சம்மதம் பெற்று, முகம் தெரியாமல் எடுக்க வேண்டும்; அந்தப் படம் சொந்தத் தொலைபேசியில் தங்கக் கூடாது.

நம் பகுதியில் இடமாற்றம் அடிக்கடி நடக்கும். அமர்வை ஆரம்பித்த தாதிய உத்தியோகத்தர் வேறு மாவட்டத்துக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடாமல் இருக்க, முதல் மாதத்திலிருந்தே பொறுப்பாளர் ஒருவருக்குத் துணையாக இன்னொருவரை நியமியுங்கள். பதிவேட்டுக் கொப்பி தனிப்பட்ட ஒருவரிடம் இருக்காமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். இடமாற்றம் பெற்றுப் போகிறவர், பதில் வராத நோயாளிகளின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்து அடுத்தவரிடம் ஒப்படைத்து, இருவரும் அந்தப் பக்கத்தில் திகதியிட்டுக் கையொப்பமிட வேண்டும்.